மூன்றாவது கார்ட்டூன்

எண்பதுகளின் நடுவில், ஒரு வருடமும் சில மாதங்களும், கார்ட்டூன் பார்ப்பதுதான் எனக்கு வேலை. சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை பார்ப்பேன். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தையல் இயந்திரம் விற்கும் கடை ஒன்றின் மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. வீடியோ டேப்புகளைப் பிரதியெடுத்து வாடகைக் கடைகளுக்குக் கொடுப்பது அவர்கள் தொழில். முன்னறையில் முதலாளி இருப்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். பின்னறையில் வீடியோ டெக்குகள் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள என் வயதுச் சீனப்பெண் ஒருத்தி இருந்தாள். அந்த அறைக்கு ஏர்கான் உண்டு. எங்கள் நலனுக்காக இல்லை, இயந்திரங்கள் சூடாகிவிடக்கூடாது என்பதற்காக. நாங்கள் இருவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பாஸ் எங்கிருந்தோ ஒரு பெட்டி நிறையப் பழைய கார்ட்டூன்களை மொத்தமாக வாங்கியிருந்தார். கறுப்பு வெள்ளை. பேசும்படம் வந்த புதிதில் வரைந்தவை. உரிமை கேட்டு இனி யாரும் வரமாட்டார்கள் என்றார். பிள்ளைகளுக்கான டேப், ஒன்றுக்கு ஐந்து கார்ட்டூன் என்று கணக்கு. நான் எல்லாவற்றையும் முதலில் பார்த்து, கடைக்காரர்களிடமிருந்து புகார் வரும்படி ஏதாவது இருந்தால் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தார். பன்றி, மது, முத்தம், உள்ளாடை, மதம் என்று ஐந்து கட்டங்கள். கடைசியில் ‘ஓகே’ என்று ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

அதற்கு முன் நான் அப்படிப்பட்ட கார்ட்டூன்களைப் பார்த்ததே இல்லை. தொலைக்காட்சியில் பார்த்தவை வண்ணமானவை, கலகலப்பானவை. இவை வேறு மாதிரி. புதிதாகச் சத்தம் கிடைத்துவிட்டதே என்ற வெறியில் எதையும் சும்மா இருக்க விடவில்லை. நாற்காலி குதிக்கும், அடுப்பு பாடும், மலை தலையாட்டும். ஒரு ரயில் மேடேற முடியாமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழும். அந்த அழுகைகூடத் தாளம் தப்பாது. ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியின் வயிற்றைத் திறந்து குடலை எடுத்து ஸ்கிப்பிங் ஆடுவார். நோயாளி எழுந்து கைதட்டுவார். யாருடைய கைக்கும் எலும்பு கிடையாது. யாருக்கும் வலிக்காது. முதல் வாரம் முழுக்க எனக்குத் தலைவலி. வீட்டுக்குப் போகும் வழியில் மின்கம்பங்களைப் பார்த்தால்கூட அவை ஆடத் தொடங்கிவிடுமோ என்று இருக்கும்.

ஆனால் வரைந்தவர்கள் கைகாரர்கள். அதையும் சொல்ல வேண்டும்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் அந்தக் கார்ட்டூன் வந்தது. கொடியில் காயும் துணிகள் கிளாரினெட் சத்தத்துக்கு ஆடுவதில் தொடங்கும். ஒரு பூனை சலவைக்கடை வைத்திருக்கிறது. கடைக்கு ஒரு சின்னப் பெண் வருகிறாள். உடம்பு மை பூசியது போல் கறுப்பு. தலையில் ஏழெட்டுக் குச்சிப் பின்னல்கள். வாயைச் சுற்றிச் சைக்கிள் டயர் மாதிரி வெள்ளை வளையம். அவள் சிரித்தால் முகமே காணாமல் போய் அந்த வளையம் மட்டும் நிற்கும். பூனை அவளைத் தூக்கிச் சலவைத்தொட்டியில் போட்டு, சலவைப் பலகையில் வைத்துத் தேய்க்கிறது. தேய்க்கத் தேய்க்கத் தொட்டித்தண்ணீர் கறுக்கிறது, அவள் வெளுக்கிறாள். கடைசியில் வெள்ளைவெளேரென்று எழுந்து பாவாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து வணக்கம் சொல்கிறாள். கொடியிலிருக்கும் துணிகளெல்லாம் கைதட்டுகின்றன. தொட்டியில் மிச்சமிருந்த கறுப்பு மட்டும் ஒரு முகமாகி, வாயைப் பிளந்து, வடிகாலுக்குள் சுழன்று இறங்குகிறது.

பின்னறையில் என்னோடிருந்த சீனத்தோழி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே என் பக்கம் திரும்பினாள். அப்போது என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நான்தான் கறுப்பு. அக்கா மாநிறம், அம்மா சிவப்பு. தோழியின் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த நிமிடத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் நல்ல பெண். எனக்காக மதியச் சாப்பாட்டில் பங்கு வைப்பவள். அவள் சங்கடப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் நான் சிரித்தேன். அவளைவிடச் சத்தமாகவே சிரித்தேன். அவளும் நிம்மதியாகி மறுபடி சிரித்தாள். தாளைப் பார்த்தேன். பன்றி இல்லை. மது இல்லை. முத்தம் இல்லை. ‘ஓகே’ கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். டேப்பில் அது மூன்றாவது கார்ட்டூன் ஆனது.

அக்கா கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தாள். அத்தானுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அவர்களுக்கு ஒரே மகள், அப்போது ஆறு வயது, அத்தானின் நிறம். சனிக்கிழமை ஆனால் நான் பஸ் ஏறிப் போய் அங்கே தங்கிவிடுவேன். பிள்ளை என்னிடம் ஒட்டிக்கொள்ளும். “சின்னம்மா, நீங்களும் நானும் ஒரே கலர்” என்று தன் கையை என் கையோடு வைத்துப் பார்ப்பாள். அக்கா சனிக்கிழமைதோறும் அவளைக் குளிப்பாட்டும்போது கடலை மாவும் மஞ்சளும் பாலாடையும் குழைத்து அழுத்தித் தேய்ப்பாள். பொம்பளப் பிள்ளைக்குக் கொஞ்சம் நிறம் வேண்டாமா என்பாள். எங்கள் அம்மா எனக்கும் அதைத்தான் செய்தாள். அதில் எனக்குத் தப்பாக ஒன்றும் தோன்றியதில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அக்கா வீட்டுக்கு நாலாவது வீட்டில் பிறந்தநாள். அந்த வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. அக்காவும் நானும் சமையலுக்கு உதவியாகப் போனோம். ஹாலில் இருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைக் கட்டிப்போட வீட்டுக்கார ஆன்டி டவுனில் வீடியோ டேப் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். நான் மீ கோரெங் நூடுல்ஸ் வாணலியில் கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் தேம்புவது கேட்டது.

கை நின்றுவிட்டது. அது எங்கள் டேப். முதல் கார்ட்டூன் அந்த ரயில். இரண்டாவது ஆஸ்பத்திரி. அடுத்து அது.

அந்தச் சத்தங்களை மாதக்கணக்காகக் கேட்டிருந்ததால் கண்ணால் பார்க்காமலே எது எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ரயில் அழுது முடிக்க இன்னும் நான்கு நிமிடம். ஆஸ்பத்திரி ஏழு நிமிடம். ஹாலில் எட்டிப் பார்த்தேன். அக்கா மகள் முன்வரிசையில், டிவிக்கு ஒரு முழம் தள்ளி, புது கவுன் கசங்காமல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூட்டத்திலேயே அவள்தான் கறுப்பு. அக்கா அன்று அவளுக்கு நாலு பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள்.

நான் ஆன்டியிடம் போய், கேக் வெட்டிவிடலாமே, பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்றேன். கேமரா கொண்டுவர வேண்டிய கொழுந்தன் இன்னும் வரவில்லை என்றார் அவர். அந்த டேப் அவ்வளவு நல்லாயிருக்காது, வேறு போடலாமா என்றேன். “கார்ட்டூன் தானேலா. அதுங்க சத்தம் போடாம இருக்குதுங்க, விடு” என்று சொல்லிவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டார். இதற்கு மேல் என்ன சொல்வது? அதில் இருப்பதைச் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார். என் கம்பெனி டேப் என்று சொன்னால், அதைப் பார்த்து ஓகே போட்டது யார் என்று அக்கா கேட்பாள்.

மறுபடி அடுப்புக்குப் போனேன். ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டது. தாளம் ஏறிக்கொண்டே போனது. அக்கா என்னடி இப்படி வேர்க்கிறது உனக்கு என்று கேட்டாள். அடுப்புச் சூடு என்றேன். கொழுந்தனின் மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்கிறதா என்று காது வாசல்பக்கமே இருந்தது. வரவில்லை. நோயாளி கைதட்டும் சத்தம் கேட்டது. இசை நின்றது. ஒரு நொடி டேப்பின் கரகரப்பு மட்டும். பிறகு கிளாரினெட்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினேன். பிள்ளைகளைத் தாண்டி டெக்குக்கு முன்னால் மண்டியிட்டு, முன்னால் ஓட்டும் பட்டனை அழுத்தினேன். நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் பிள்ளைகள் கத்துவார்கள், பெரியவர்கள் என்ன என்று கேட்பார்கள் என்று பயந்து, சட்டென்று தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்துவிட்டேன்.

சத்தம் அறுந்தது. படம் அறுபடவில்லை. குறுக்கே கோடுகள் ஓட, எல்லாம் மூன்று மடங்கு வேகத்தில் நடந்தது. அந்தக் கறுப்புச் சிறுமி வந்தாள், தொட்டியில் விழுந்தாள், பூனை அவளை வெறிபிடித்தது போல் தேய்த்தது. மெதுவாக ஓடியிருந்தால் இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பிறந்தநாள் பையன் எழுந்து வந்து என் கையைத் தள்ளிவிட்டு, பின்னால் ஓட்டும் பட்டனை அழுத்தினான். இப்போது வெள்ளைப் பெண் கறுப்பானாள். இன்னும் பெரிய சிரிப்பு. “திரும்பப் போடு, திரும்பப் போடு” என்றார்கள். அவன் சாதாரண வேகத்தில் மறுபடி ஓடவிட்டான்.

யாரோ ஒரு பிள்ளை அக்கா மகளைக் காட்டி, “இவ மாதிரியே இருக்கு” என்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. சோபாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “நல்லா சோப்பு போட்டுத் தேய்ச்சா இவளும் வெளுத்துடுவாலா” என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா மகளும் சிரித்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

நான் டெக்கை அணைத்தேன். மின்சாரச் சுவிட்சையே அணைத்துவிட்டேன். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஆன்டி வந்து என்ன என்றார். டேப் சிக்கிக்கொண்டது என்று பொய் சொன்னேன். பிறகு கேமரா வந்தது, கேக் வெட்டினார்கள். ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்தோம். அக்கா அடுப்படியில் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளை சாப்பிட்டாள், பலூனோடு விளையாடினாள், என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள். அவ்வளவுதான், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தான் வேலைக்குப் போய்விட்டார். காலை பசியாறிய பிறகு பிள்ளை குளிக்கப் போனாள். தானாகவே குளித்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தலையைத் தூக்கினாள்.

“என்னா செய்றா உள்ள? அரை மணி நேரமா தண்ணி ஓடுது.”

கதவைத் தட்டினோம். உள்ளே தாழ்ப்பாள். தண்ணீர் விழும் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. கரகரவென்று, ஒரே சீராக. அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை, அந்தச் சத்தம் மட்டும் இன்னும் வேகமாயிற்று. எனக்கு அது என்ன என்று புரிந்துவிட்டது. அக்கா தோளால் இடித்தாள். பிளாஸ்டிக் கதவு, மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு திறந்தது.

பிள்ளை வாளிக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். துணி துவைக்கும் பிரஷ் கையில். சலவைத்தூள் டப்பா கவிழ்ந்து கிடந்தது. இடதுகை முழங்கை வரை நுரை. அந்த நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வாளித்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் என்னைத்தான் கேட்டாள்.

“தண்ணி கறுக்கவே இல்லையே, சின்னம்மா?”

அக்கா பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தாள். கையைக் கழுவியபோதுதான் பிள்ளைக்கு எரிச்சல் தெரிந்து வீறிட்டு அழுதாள். தோல் பல இடங்களில் உரிந்திருந்தது. ஈரத்துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு அங்கிளின் காரில் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா சொன்னாள். டாக்டர் பிள்ளையின் கையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். மருந்து போட்டுக் கட்டிவிட்டார். ஆழமான காயம் இல்லை, ஆறிவிடும் என்றார்.

மருந்து வாங்கக் காத்திருந்தபோது பிள்ளை அக்கா மடியில் தூங்கிவிட்டாள். தூங்குவதற்கு முன் நேற்றுப் பார்த்த கார்ட்டூனைப் பற்றி விக்கலும் அழுகையுமாகச் சொல்லியிருந்தாள். அக்கா நாலாவது வீட்டு ஆன்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கே போய்க் கேட்கிறேன், இப்படிப்பட்டதையெல்லாம் பிள்ளைகளுக்குப் போடுவார்களா, வாடகைக்குக் கொடுத்தவனுக்கும் புத்தியில்லையா என்றாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மருந்துச் சீட்டுக்குப் பெயர் கூப்பிடும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. வாய் மூடவில்லை.

“அக்கா, அந்த டேப் எங்க கம்பெனி டேப்பு. அதைப் பாத்து ஓகே போட்டது நான்தான்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“முழுசாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டியா?”

தலையாட்டினேன். அக்கா குரலை உயர்த்தவில்லை. பிள்ளை எழுந்துவிடக்கூடாதென்று மெதுவாகத்தான் பேசினாள்.

“வேற யாராவது போட்டிருந்தாக்கூட பரவாயில்ல. உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

அன்று மதியமே பஸ் ஏறினேன். அக்கா வாசல் வரை வரவில்லை.

திங்கட்கிழமை காலை பாஸ் வந்ததும் அந்த டேப்பை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மூன்றாவது கார்ட்டூனை நீங்கள் பார்க்க வேண்டும் என்றேன். வேலையிருக்கிறது என்றார். பார்த்தால்தான் நான் பின்னறைக்குப் போவேன் என்று நின்றேன். அவரிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை. உட்கார்ந்து ஏழு நிமிடமும் பார்த்தார். சிரிக்கவில்லை. முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா மகளுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், உண்மையாகவே. ஆனால் கடைகளிலிருந்து டேப்புகளைத் திரும்ப வாங்கினால் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும், கம்பெனி பெயர் போய்விடும் என்றார்.

“புதுசா எடுக்குற காப்பியில அத வெட்டிடு. போனது போயிடுச்சு. ரொம்பப் பெருசா எடுத்துக்காத லா.”

தாளில் நான் போட்ட கையெழுத்தை அவர் சுட்டிக்காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

பின்னறையில் என் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அன்று உன் முகத்தைப் பார்த்து எனக்குக் கூச்சமாகிவிட்டது, நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நீ சிரித்தாய், அதனால் பரவாயில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன் என்றாள். கடைகளுக்குப் போன டேப்புகளை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டேன்.

அவள்தான் வழி சொன்னாள். மதிய இடைவேளையில் நான்கு டெக்குகளை ஓட்டி, அந்தக் கார்ட்டூனுக்குப் பதில் வேறொன்றைச் சேர்த்துப் புதுப் பிரதிகள் எடுத்தோம். பாஸுக்குச் சொல்லவில்லை. வெற்று டேப்புகள் கம்பெனியுடையவை. பிடிபட்டால் இருவருக்குமே வேலை போகும். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டால் அவள் டிவியை அணைப்பாள், நான் தாளில் எதையாவது கிறுக்குவேன். மாலையில் நான் பையில் டேப்புகளோடு கடைகடையாகப் போனேன். அந்தத் தொகுதியில் கோளாறு, நடுவில் படம் ஆடும், மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள் என்று சொல்வேன். பெரும்பாலான கடைக்காரர்கள் ஒன்றும் கேட்காமல் மாற்றிக்கொண்டார்கள்.

கிள்ளானில் ஒருவர் மட்டும் விடவில்லை. அறுபது வயதிருக்கும். எங்கே ஆடுகிறது காட்டு என்று அந்த டேப்பை எடுத்துக் கடை டிவியில் போட்டார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். ரயில் அழுதது. ஆடவில்லையே என்றார். ஆஸ்பத்திரி ஓடியது. இப்பவும் ஆடலையே என்றார். கிளாரினெட் தொடங்கியது. அவர் மேசையில் கையூன்றிப் பார்த்தார். சிறுமி வெளுத்து எழுந்து வணக்கம் சொன்னபோது பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பி அந்த ஆளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைவிட அவர் இன்னும் கறுப்பு.

டேப்பை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். “என் பேரப்பிள்ளைங்க இத மூணு தடவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்கம்மா” என்றார். புதுப் பிரதியை வாங்கி அலமாரியில் வைத்தார்.

எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடியவில்லை. ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் போனவை போனவைதான். பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக மாற்றியிருப்பேன். அதற்குள் ஒரு கடைக்காரர் இன்னொரு டேப்பையும் மாற்றித் தரச்சொல்லி பாஸுக்குப் போன் செய்ய, விஷயம் வெளியே வந்துவிட்டது. அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கத்தினார். நான் மட்டும்தான் செய்தேன் என்றேன். “இல்லை, நானும்தான்” என்றாள் தோழி. வேலையை விட்டு அனுப்புவார் என்று இருவரும் நின்றோம். அனுப்பவில்லை. ஆனால் நான் டிக் போடும் தாளை இனி தானே கடைசியாகப் பார்ப்பதாகச் சொன்னார். பெட்டியில் இருந்த கார்ட்டூன்கள் தீர்ந்ததும் நானே வேறு வேலை தேடிக்கொண்டேன்.

அக்கா நான்கு மாதம் பேசவில்லை. அம்மா வழியாகச் சொல்லியனுப்பினாலும் பதில் வராது. நான் சனிக்கிழமைகளில் எங்கும் போகாமல் வீட்டிலேயே கிடப்பேன். ஒருநாள் அவளே போன் செய்தாள். பிள்ளை பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறாள், புத்தகங்களுக்கு அட்டை போட ஆள் வேண்டும் என்றாள். போனேன். பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கை ஆறியிருந்தது. சமையலறையில் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், “கடல மாவ நிறுத்திட்டேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அத நான் ஆரம்பிக்காம இருந்திருந்தா அவளுக்கு அந்த யோசனையே வந்திருக்காதோ என்னமோ” என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை எடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா மகள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் ஓவியமும் விளம்பரமும் படித்தாள். வகுப்பில் பழைய கார்ட்டூன்களைப் பற்றிப் பாடம் நடந்ததாம். சின்னம்மாவிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். அவளுக்கு அந்தப் பிறந்தநாள் நினைவில்லை. கையைத் தேய்த்தது மட்டும் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறது என்றாள். என்னிடம் அந்தப் பழைய டேப்பின் பிரதி ஒன்று இருந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தவித்தேன். பிறகு அவளை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன், கையெழுத்து உட்பட. கேட்டாள். போடுங்கள் என்றாள்.

ரயில் அழுதபோது நன்றாகச் சிரித்தாள். ஆஸ்பத்திரியைப் பார்த்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்றாள். மூன்றாவது தொடங்கியபோது நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தாள். சிறுமி தொட்டியிலிருந்து எழும் இடத்தில் படத்தை நிறுத்தி டிவிக்குப் பக்கத்தில் போய்க் கோடுகளைக் கூர்ந்து பார்த்தாள்.

“வரைஞ்சவன் கை எவ்வளவு சுத்தமா போகுது பாருங்க சின்னம்மா. கை வராத ஆளா இருந்தா விட்டுடலாம். இவ்வளவு நல்லா வருது. அதான் கோவமா வருது.”

அந்த டேப்பை வகுப்பில் போடப் போவதாகச் சொன்னாள். யாராவது சிரித்தால் என்ன செய்வாய் என்றேன். தெரியவில்லை என்றாள். அவள் டேப்போடு வகுப்புக்குப் போன வியாழக்கிழமை முழுக்க அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை.

மாலையில் போன் வந்தது. இரண்டு பேர் சிரித்தார்களாம். பிறகு நிறுத்திக்கொண்டார்களாம். பாடம் எடுத்தவர் யார் பேசப்போகிறீர்கள் என்று கேட்டபோது யாரும் வாய் திறக்காததால் இவளே எழுந்து பேச வேண்டியதாகிவிட்டதாம். என்ன பேசினாய் என்று கேட்டேன். வரைந்தவனின் சுத்தமான கையில் தொடங்கி, தன் கையைத் தேய்த்த பிரஷ் வரை பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.